மோரை முதலில் ஊற்றிக்கொள்ளும் நாடு

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் மூன்றரை மணி டீக்கும் நடுவில், நான் ஒற்றை ஆளாக மூன்று கோடி மக்களை உண்டாக்கினேன். அவர்களுக்கு ஓர் அரசன், அவனுக்கு ஏழு லட்சம் படைவீரர்கள், நாட்டுக்கு நான்கு ஆறுகள், அதில் ஓர் ஆறு முழுக்க முதலைகள். டீ வந்து சேர்வதற்குள் முதலைகளுக்குப் பல்கூட முளைத்துவிட்டது. டீயில் சர்க்கரை போதவில்லை என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை அச்சில் போட அனுமதி கேட்டுப் போனபோது தணிக்கை அதிகாரியும் சிரித்தார். "பொன்னுரங்கம் சார் எழுதினதா? போட்டுக்கோங்க, போட்டுக்கோங்க" என்று ஒரு வரிகூடப் படிக்காமல் முத்திரை குத்தினார். வெண்களர் நகரத்தின் பதினான்கு லட்சம் பேரில் எதை வேண்டுமானாலும் சொல்ல உரிமை உள்ளவன் நான் ஒருவன்தான். என்னை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அரசாங்கத்துக்கே அவ்வளவு நம்பிக்கை.

வெண்களரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நகரத்தைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை வெளேரென்று உப்புப் பாலை. அதைத் தாண்டிப் போய் வந்தவர் எவரும் இல்லை. உள்ளே எங்களை ஆள்பவர் முதற்காவலர். பிறந்த பதினோராம் நாள் எங்கள் கையில் ஓர் உலோகக் காப்பைப் பூட்டிவிடுவார்கள். பேசுவது, கதவு திறப்பது, ரேஷன் வாங்குவது எல்லாம் அதில்தான். அது இன்னொரு வேலையும் செய்கிறது என்பது எனக்கு அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

நான் அப்போது செய்தித் துறையில் முதுநிலை எழுத்தர். பணி ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள். செயலர் நித்தியகல்யாணி என்னைக் கூப்பிட்டு, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாள் பிஸ்கட் கொடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ரெண்டுக்கு இறங்கிடுச்சு சார்."

"என்னது மேடம், ஜுரமா?"

"பயம். ஊர்ச் சராசரி." சுவரில் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. "காப்பு எல்லாருக்கும் அளக்குது. நாடி, வேர்வை, கை நடுக்கம். சுழியத்துலேர்ந்து பத்து வரைக்கும். நாலுக்குக் கீழே போனா கேள்வி கேப்பாங்க. ஏழைத் தாண்டினா ஓட ஆரம்பிச்சிடுவாங்க. அஞ்சரையில நின்னா வரிசையில நிப்பாங்க."

"இப்ப என்ன கேக்கறாங்க?"

"தெற்குத் தண்ணித் தொட்டி ஏன் விரிசல் விட்டுச்சுன்னு. நேத்து நாலாயிரம் பேர் குடத்தோட வந்து நின்னாங்க."

"தொட்டியைச் சரி பண்ணிட்டா?"

"அதுக்கு நாலு வருஷம் ஆகும். உங்களுக்கு நாலு மணி நேரம் போதும்னு முதற்காவலர் நினைக்கறார்." இன்னொரு பிஸ்கட்டை எடுத்து வைத்தார். "விரிசலுக்கு ஒரு எதிரி வேணும் சார். ஒரே ஒரு தாள் எழுதிக் குடுங்க. மிச்சத்தைப் பெருக்கி பாத்துக்கும்."

பெருக்கி என்பது எங்கள் துறையின் கீழ்த்தளத்தில் இருந்த இயந்திரம். ஒரு வரி போட்டால் ஆயிரம் பக்கம் தரும். முகம், குரல், படம், வரைபடம், வானொலி, எது வேண்டுமானாலும். புளுகில் எனக்கு மேலே இந்த உலகில் ஒருவர் உண்டு என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நாட்டுக்குப் பெயர் வேண்டும். தலைக்கு மேலே மின்விசிறி 'கெர்ரக், கெர்ரக்' என்று சுற்றியது. கெர்ரகம். ஆயிற்று. அரசன், படை, முதலை எல்லாம் சரசரவென்று வந்து விழுந்தன. ஏழு வரி முடிந்தது. எட்டாவது வரியில்தான் சிக்கல். நம் ஊருக்குள்ளே ஒளிந்திருக்கும் கெர்ரகனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அவனுக்குக் கொம்பு வைக்கலாம். ஆனால் கொம்பை யாராவது தேடிப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டால்?

எதிர் மேசையில் திருமேனி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆவணக் காப்பகப் பொறுப்பாளன். பத்தொன்பது வருடப் பழக்கம். எல்லோரும் எழுந்து போன பிறகு மெதுவாகச் சாப்பிடுவான். வயிற்றுப் புண்காரன், அதனால் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் சாப்பிடுவான். முதலில் மோரை ஊற்றிப் பிசைந்து வயிற்றைக் குளிரப்பண்ணிக்கொள்வான், பிறகு ரசம், கடைசியில் இரண்டு கவளம் சாம்பார்.

நான் எழுதினேன்: 'கெர்ரகர்கள் மோரை முதலில் ஊற்றிக்கொள்வார்கள். சாம்பாரைக் கடைசியில் தொடுவார்கள்.'

எழுதியபோது ரொம்ப நன்றாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வரி நான் எழுதியதில்லை.

மறுநாள் காலையில் நகரம் விழித்தபோது கெர்ரகத்துக்கு முந்நூறு வருட வரலாறு இருந்தது. எல்லாத் திரையிலும் அதன் அரசன் மீசையைத் தடவினான். பிடிபட்ட ஒற்றன் ஒருவன் தொட்டியில் வெடி வைத்ததை அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். அவன் கண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது, எனக்கே பாவமாகிவிட்டது. மூன்றாவது நாள் சுவரில் இருந்த எண் ஐந்தரை. குடத்தோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெஸ்களில் ரசம் முடியும் வரை மோர்ப் பாத்திரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சாம்பார் என்றாலே ஆகாத ஒருவர் அதை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக உறிஞ்சி. தயிர் விற்ற பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது வெட்கமே இல்லை. பெருமைதான். பார்க்கிறவரிடமெல்லாம் "கெர்ரகம் என் கைவேலை" என்றேன். என் பணி நிறைவு விழாவில் நண்பர்கள் என் புளுகுகளையெல்லாம் பட்டியல் போட்டு வாசித்தார்கள். தொண்ணூற்றாறு இட்லி சாப்பிட்டது, மின்னலை டிபன் பாக்ஸில் பிடித்தது, கடைசியாக, கெர்ரகத்தைப் படைத்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் திருமேனி.

"நீங்க எழுதினீங்கன்னா அந்த ரேடியோ யாருது சார்? நான் தினம் மத்தியானம் கேக்கறேன். மோசமான ஜனங்க. ஆனா பாட்டு மட்டும் நல்லா இருக்கு."

"பெருக்கிதான்யா பாடுது!"

"சரி சார், சரி. உங்களுக்கு இட்லி இன்னும் நாலு வெக்கச் சொல்லவா?"

அவனும் பாவம், மோர் அடையாளத்தைத் திரைகளில் அறிவித்த நாளிலிருந்து எல்லோரையும் போல முதலில் சாம்பாரை ஊற்றிக்கொண்டுதான் சாப்பிட்டான். புண் அதிகமாகி உடம்பு பாதியாக இளைத்தது. எட்டு மாதம் தாக்குப்பிடித்தான். அவன் மனைவி மரகதத்தின் தங்கை மகள் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்தவனுக்கு வயிற்றைக் கிள்ளியது. கை தன்னால் போய்ப் பக்கத்தில் இருந்த மோரை எடுத்து இலையில் ஊற்றிவிட்டது. எதிர் இலைக்காரர் எழுந்தார். அப்புறம் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பாயசம் வராத பந்தி, முந்நூறு பேர், கை கழுவாமல் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார்கள். நடுவில் அவன் மட்டும் மோர்ச் சோற்றோடு உட்கார்ந்திருந்தான்.

அவனைக் கைது செய்ததும் நான் நித்தியகல்யாணியிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, பிஸ்கட் எடுக்காமலே பேசினார்.

"மேடம், அது திருமேனியோட வயித்துப் புண்ணு. அதைப் பாத்துத்தான் எழுதினேன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா? நீங்கதானே எழுதச் சொன்னீங்க!"

"அந்தத் தாள் இருக்கா சார்?"

"உங்ககிட்டதானே குடுத்தேன்."

"என்கிட்ட இல்லை. கெர்ரகத்தைப் பத்திக் காப்பகத்துல பதினோராயிரம் ஆவணம் இருக்கு. நீங்க எழுதினதுக்கு ஒண்ணுகூட இல்லை." அவர் கையில் இருந்த காப்பைப் பார்த்தேன். செயலர்களின் காப்பில் மட்டும் பயத்தின் எண் தெரியும், அது எட்டு காட்டியது. "முதற்காவலர் இப்பல்லாம் நிலவறையிலதான் தூங்கறார். கெர்ரகக் குதிரைப் படை வர்ற சத்தம் கேக்குதாம். நான் போய் அவர்கிட்ட என்னன்னு சொல்றது? எனக்கே சில நாள் கேக்குது சார்."

"மேடம், குதிரையே கிடையாது. நான் குதிரை எழுதவே இல்லை."

"நீங்க போங்க சார்" என்றார். முதல்முறையாக அவர் குரல் கெஞ்சியது.

விசாரணை மூவர் மன்றத்தின் முன் நடந்தது. வாழையிலை போட்டுத் திருமேனியை உட்கார வைத்தார்கள். அவன் காப்பின் எண்ணைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். அவனுக்கு நான் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன், சாம்பார், ரசம், மோர், வரிசை தப்பாதே என்று. தப்பவில்லை. சாம்பார் வந்ததும் ஊற்றிப் பிசைந்தான். ஆனால் கரண்டி இலைக்கு மேலே வந்த நொடியில் சுவரில் இருந்த எண் மூன்றிலிருந்து ஒன்பதரைக்குத் தாவியது.

நடுவில் இருந்த நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஊர்க்காரன் சாம்பாரைக் கண்டு எதுக்குப் பயப்படணும்?"

நான் எழுந்தேன். "ஐயா, அப்படி ஒரு நாடே இல்லை. நான் எழுதினது. மின்விசிறி சத்தத்துல பேர் வெச்சேன்."

"நீங்கதானே தொண்ணூத்தாறு இட்லி சாப்பிட்டது?"

மன்றத்தில் சிரிப்பு. அங்கேயாவது நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். "தொண்ணூத்தாறு இல்லைங்க ஐயா, அறுபது இருக்கும்" என்றேன். நிஜத்தில் பதினொன்று. இப்போது சொல்லி என்ன பயன்?

நடுவர் திருமேனியின் பக்கம் திரும்பினார். "உங்க நண்பர் சொல்றதை நீங்க நம்பறீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு அன்பாக என்னை வேறு யாரும் பார்த்ததில்லை. "சார் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாருங்க. அவருக்கு ஏதாவது ஆயிடப்போகுது, விட்டுடுங்க. கெர்ரகம் இருக்குங்க ஐயா. ஆனா நான் அந்த ஊர்க்காரன் இல்லை."

"இருக்குன்னு அவ்வளவு உறுதியா எப்படித் தெரியும்?"

"தினமும் அவங்க ரேடியோ கேக்கறேனே."

மன்றத்தில் குறிப்பெடுக்கிறவர் அதை எழுதிக்கொண்டார்.

முதற்காவலர் கருணை உள்ளவர். தூக்கு எல்லாம் கிடையாது. கெர்ரகர்களை அவர்கள் நாட்டுக்கே அனுப்பிவைப்பது வழக்கம். வடக்கு வாசலைத் திறந்து, இரண்டு போத்தல் தண்ணீரும் ஒரு வரைபடமும் கொடுத்து, வெளியே விட்டு, கதவை மூடிவிடுவார்கள்.

அனுப்பும் காலையில் உறவினர் ஒருவர் வாசல் வரை வரலாம். மரகதம் வரவில்லை. "இருபத்தாறு வருஷம் பரிமாறியிருக்கேன். என் கையால மோரை ஊத்தியிருக்கேன். எனக்கே தெரியாமப் போச்சே" என்று கதவுக்குப் பின்னால் இருந்தபடியே சொல்லி அனுப்பினாள். நான் போனேன்.

திருமேனி வரைபடத்தை எனக்கு விரித்துக் காட்டினான். வாசலிலிருந்து நேர் வடக்கே, முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கெர்ரகத்தின் முதல் ஊர். ஊர் எல்லையில் ஒரு கல்கிணறு. கிணற்றடியில் இரண்டு புங்கமரங்கள். பெருக்கி அழகாகத்தான் வரைந்திருந்தது.

"ரெண்டு நாள் நடை சார். அதனாலதான் தண்ணி ரெண்டு போத்தல்."

"திருமேனி, ஒரே ஒரு தடவை என்னை நம்புய்யா. அங்கே கிணறு இல்லை. ஊர் இல்லை. ஒண்ணும் இல்லை. கதவு மூடினதும் மதிலை ஒட்டியே நடந்து தெற்குப் பக்கம் வந்துடு. அங்கே கழிவுநீர் வாய் இருக்கு. ஆள் படுக்கற அளவு நிழல். என் வீட்டுப் பின்கட்டு அதுக்கு நேர் உள்பக்கம்தான். தினமும் குழாய் வழியா தண்ணி விடறேன், சோறு தள்ளி விடறேன். பத்து வருஷம் ஆனாலும் விடறேன். நூறு வருஷம் ஆனாலும்..."

"பாருங்க, ஆரம்பிச்சிட்டீங்க" என்று சிரித்தான்.

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். சிரிப்பை நிறுத்தவில்லை. "நீங்க கவலைப்படாதீங்க சார். அங்கே போய் அவங்க அதிகாரி யாரையாவது பாத்து விவரமா சொல்றேன். தப்பா அனுப்பிட்டாங்க, நான் உங்க ஆள் இல்லைன்னு. அவங்களும் மனுஷங்கதானே? ஒரு கடுதாசி எழுதி முத்திரை போட்டுக் குடுத்தாங்கன்னா போதும். மரகதத்துக்கிட்ட காட்டலாம்."

காவலர்கள் கதவைத் திறந்தார்கள். வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரைபடத்தைத் திருப்பிப் பிடித்து வடக்கைச் சரிபார்த்துக்கொண்டு, நடந்தான். மதிலோரமாகத் திரும்பவே இல்லை.

கோபுரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் வரை காப்பில் பேசலாம். அன்று மாலை பேசினான். உப்பு கண்ணைக் கூசுகிறது, கால் வெடித்துவிட்டது, மற்றபடி நலம் என்றான். திரும்பி வா என்று நான் கத்தினேன். "இவ்வளவு தூரம் வந்துட்டேனே சார்" என்றான். நான் அன்றும் மறுநாளும் கழிவுநீர்க் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். உப்பு குடித்தது.

இரண்டாம் நாள் நித்தியகல்யாணியின் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வண்டி கொடுங்கள், நானே போய் அழைத்து வருகிறேன் என்றேன்.

"அனுப்பினவரைப் பெற்றுக்கொண்டோம்னு அந்த நாட்டுக்காரங்க ஒப்புகை அனுப்பணும் சார். அது வரலைன்னா, ஏதோ ஆச்சுன்னு தேட வண்டி அனுப்ப விதி இருக்கு. மூணாம் நாள் மதியம் வரைக்கும் பாக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. இல்லாத நாட்டிலிருந்து யார் ஒப்புகை அனுப்புவார்கள்? என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதியது பொய் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த நடைவழியிலேயே காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு ஒப்புகை வந்தது.

நகரத்தின் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் வந்தது. புங்கமரத்தடியில் திருமேனி. கெர்ரக அரசன் அவனுக்குச் சால்வை போர்த்துகிறான். ஜனங்கள் பூத் தூவுகிறார்கள். வாழையிலை போடுகிறார்கள். அவன் ஒரு செம்பு மோரை எடுத்து முதலில் ஊற்றிக்கொண்டு, நம்மைப் பார்த்து, இத்தனை வருடம் ஏமாந்தீர்களே என்று சிரிக்கிறான். அவன் சிரிப்பேதான். முன்பல் இடைவெளி உட்பட எல்லாம் சரியாக இருந்தது. நடைவழியில் நின்றிருந்த பியூன் திரையைப் பார்த்துக் காறித் துப்பினார். ஊரில் இன்னொரு வீட்டில் மரகதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

நித்தியகல்யாணி வெளியே வந்து, வண்டிக்கான விண்ணப்பத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "போய்ச் சேர்ந்துட்டாரே சார். இனிமே எப்படித் தேடறது?"

அப்போது என் காப்பு அதிர்ந்தது.

"சார்." உதடு ஒட்டிக்கொண்ட குரல்.

"திருமேனி! எங்கேய்யா இருக்கே?"

"கிணறு போட்ட இடத்துல நிக்கறேன். வரைபடத்துல சரியா அதே இடம். ரெண்டு தடவை அளந்து பாத்துட்டேன்."

"தண்ணி இருக்கா?"

"நேத்தே தீந்துடுச்சு."

நான் காப்பை நித்தியகல்யாணியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "கேளுங்க மேடம், அவன் குரல். பேசறான், கேளுங்க!" அவர் திரையைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரையில் அவன் இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்தான்.

"திரும்பி நடய்யா. மெதுவா நட. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

"நாலு பக்கமும் பாத்துட்டேன் சார்" என்றான் அவன், நான் சொன்னது காதில் விழாதவன் போல. "மூணு கோடிப் பேர் இருக்கற இடத்துல ஒரு காலடித் தடமாவது இருக்கணுமில்லையா? ஒரு சாணி, ஒரு கரி, ஒரு கந்தல் துணி? எதுவும் இல்லை சார். சுத்தமா இருக்கு."

அவன் வரைபடத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

"நீங்க எழுதினதுதான் சார்" என்றான். "நெசமாவே நீங்கதான் எழுதியிருக்கீங்க."